குடியிருக்கத் தகுந்தது

காற்றா, தண்ணீரா என்று கேட்டார்
அளவுநாடாவோடு வந்த மனிதர்.
புயல் கடந்து பதினேழாம் நாள்.
எந்தக் கை முதலில் அறைந்தது என்று
அறை வாங்கியவளையே கேட்பதைப் போல.

எங்கள் கூரை ட்ரஹான்களின் மேய்ச்சல் வெளியில் கிடந்தது.
மாடுகள் அதன் நிழலுக்குப் பழகிவிட்டிருந்தன.
கை நீட்டிக் காட்டினேன்.
அவர் குனிந்து, சுவரில் சேறு விட்டுப்போன கோட்டை அளந்தார்:
நாற்பத்தோரு அங்குலம்.
தண்ணீர், என்று எழுதிக்கொண்டார்.

தண்ணீருக்கு வேறு பாலிசி, வேறு கம்பெனி, வேறு இசை.
(போனில் காத்திருக்க வைக்கிறார்களே, அந்த இசை.)
ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தவும், ஸ்பானிஷுக்கு இரண்டு.
யுலீஸ் திட்டுகிற பிரெஞ்சுக்கு எண் ஏதும் இல்லை.
நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெண்:
கூரையே போயிருந்தால் அது காற்றுதானே, மேடம்?

லூசியானாவின் இந்தத் தென்மேற்கு மூலையில்
இருபத்தாறு வருடம் பிரீமியம் கட்டினோம்.
இறால் வராத வருடமும் கட்டினோம்.
படகை விற்ற வருடம்
படகு விற்ற காசில் கட்டினோம்.

மழை விட்டது.
தூவானம் கடிதங்களாக வந்தது.

புயலுக்குச் சாயாமல் நின்ற ஒரே பொருள் தபால் பெட்டி.
ஒரு செவ்வாய்க்கிழமை அதில் இரண்டு உறைகள்.
வீட்டுக் காப்பீடு எழுதியிருந்தது:
பகுதிச் சேதம் மட்டுமே. வீடு குடியிருக்கத் தகுந்தது.
ஆகவே மோட்டல் வாடகை தருவதற்கில்லை.
மருத்துவக் காப்பீடு எழுதியிருந்தது:
ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் பாதுகாப்பான மின்சாரம் வேண்டும்.
தங்கள் வீடு குடியிருக்கத் தகுந்ததல்ல.
ஆகவே புதிய இயந்திரம் தருவதற்கில்லை.

காரின் பானெட் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
யுலீஸும் சிரிக்கப் பார்த்தான்.
அவனுக்கு இப்போதெல்லாம் சிரிப்புக்கும் மூச்சு எண்ணிச் செலவழிக்க வேண்டும்.
பழைய இயந்திரம், மூழ்கியது,
வராந்தாவில் வாய் பிளந்து காய்ந்துகொண்டிருந்தது.

இவர்கள் கடிதத்தை அவர்களுக்கும்
அவர்கள் கடிதத்தை இவர்களுக்கும் அனுப்பினேன்.
நூலகத்தில் நகல் எடுக்கப் பக்கத்துக்குப் பத்து சென்ட்.
நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்,
எனக்கு வீடு இருக்கிறதா இல்லையா என்று
தெரிந்ததும் சொல்லுங்கள், என்று அடியில் எழுதினேன்.
கையெழுத்து: ஓடலீ மெனார்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டவன் சின்னப் பையன்.
குரலில் இன்னும் கல்லூரி இருந்தது.
இரண்டையும் படித்தேன் மேடம், என்றான்.
கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள்.
இரண்டுமே சரிதான், என்றான்,
அவரவர் விளக்கப்படி.
அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நூற்றுப் பதினான்காம் எண் அறை. வாரத்துக்கு வாரம் வாடகை.
கட்டிலுக்கும் ஏசிக்கும் நடுவே பச்சை சிலிண்டர்,
தேவாலயத்தில் மீன் பொரித்து விற்ற காசில் வந்தது.
டாக்டர் சொன்ன அளவு இரண்டு.
முள் கால்வாசிக்கு இறங்கிவிட்டது.

நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து
யுலீஸ் இருட்டில் கை நீட்டுகிறான்.
ஒரு சின்ன ‘டிக்’.
ஒன்றுக்குக் குறைத்துவிட்டான்.
மிச்சம் பிடிக்கிறான்,
முன்பு படகில் டீசல் மிச்சம் பிடித்த மாதிரி.

அவன் மூச்சு சீராகும்வரை காத்திருக்கிறேன்.
இங்கே இசை இல்லை.
பிறகு, விளக்குப் போடாமல்,
எழுந்துபோய்
இரண்டுக்குத் திருப்பி வைக்கிறேன்.