இடப்பக்கம் நிற்கவும்

ஊருக்கே இதுதான் முதல் என்கிறார் முதலாளி.
குன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில்
மூன்று மாடி ஜவுளிக்கடை.
தரையிலிருந்து கம்பளி மாடிக்கு
ஓடிக்கொண்டே இருக்கும் இரும்புப் பல்வரிசை.
அதன் காலடியில் நான்.
சட்டைப்பையில் பெயர்ப்பட்டை:
புஷ்பகாந்தியில் ஓர் எழுத்து விழுந்து
புபகாந்தி.
யாரும் படிப்பதில்லை.
இங்கே வருகிறவர்கள் தங்கள் காலையே பார்க்கிறார்கள்.

கோவையிலிருந்து ஒருவர் வந்து
அரை நாள் பாடம் எடுத்தார்.
நிற்பவர் இடப்பக்கம், நடப்பவர் வலப்பக்கம்.
சேலை நுனி கையில்.
மஞ்சள் கோட்டுக்குள் கால்.
"பெரிய ஊர்களில் இதெல்லாம் யாரும் சொல்லவே வேண்டாம்" என்றார்.
அன்று மாலை
மார்க்கெட் படியில் இறங்கும்போது
கேரட் மூட்டையோடு ஏறிய ஆளை இடித்துவிட்டு
அவர்தான் முறைத்தார்.

எங்கள் லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
பாசி பிடித்தவை, உடைந்தவை,
ஒன்று வெறும் வேர்.
ஏறுகிறவருக்கு மலைப்பக்கம்.
இறங்குகிறவர் நிற்க வேண்டும்.
சுமையோடு நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது
எவ்வளவு என்று
தொடைக்குத் தெரியும்.
எட்டு மாதமாக என்னோடு பேசாத அமராவதிகூட
என் தலையில் விறகைக் கண்டால்
முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்குவாள்.
முகம் வேறு, படி வேறு.

இங்கே படியே ஏறுகிறது.
யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.
மூச்சு வாங்காத இடத்தில்
யாருக்கு யார் ஒதுங்குவது?

சனிக்கிழமை
ஜெகதளாவிலிருந்து பெள்ளனும் கிரிஜியும் வந்தார்கள்,
மகள் கல்யாணத்துக்குப் போர்வை எடுக்க.
மூன்று தடவை காலைத் தூக்கி
மூன்று தடவை பின்வாங்கி
நாலாவதில்
கையோடு கை கோத்து ஏறிவிட்டார்கள்.
படி முழுக்க அவர்கள்.
பின்னால் நீலச் சட்டைக்காரர் ஒருவர்,
கழுத்தில் கேமரா,
கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி என்றார்.
"இடப்பக்கம் வாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.
அந்தக் கைகளைப் பார்த்தேன்,
சும்மா இருந்துவிட்டேன்.

பாதியில் மின்சாரம் போனது.
பர்லியார் பக்கம் மரம் விழுந்திருக்கும்.
ஜெனரேட்டர் பில் போடும் இடத்துக்கு மட்டும்.
படி நின்றது.
பதினொரு பேர் அதன்மேல் நின்றார்கள்.
தினமும் மலையை மிதிக்கிற கால்கள்,
இன்னும் ஒன்பது படி,
ஏறாமல் காத்திருந்தன,
நீலச் சட்டை உட்பட.

அப்போது கீழேயிருந்து சவரிமுத்து.
லிஃப்டும் இல்லை, மெத்தைக் கட்டு மாடிக்குப் போயாக வேண்டும்.
முதுகில் அதை ஏற்றி
நெற்றியில் பட்டை மாட்டி
ஒரே ஒரு சொல்: "சுமை."

எல்லோரும் ஒதுங்கினார்கள்.
ஆனால் எந்தப் பக்கம் மலை?
இரண்டு பக்கமும் கண்ணாடி.
பாதிப்பேர் இடது, பாதிப்பேர் வலது,
நடுவில் சவரிமுத்து
கொண்டை ஊசி வளைவுகளில் லாரி மாதிரி
திரும்பித் திரும்பி ஏறினார்.
கிரிஜி ஒரு கையால் மெத்தையைத் தள்ளிக் கொடுத்தாள்.
இன்னொரு கையைப் பெள்ளன் விடவில்லை.

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
பத்து நிமிடம் நின்றது. யாருக்கும் அடியில்லை.
விதி மீறியவர்கள் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

கடைசி பஸ். பனி.
அறுபதாவது படியோ எழுபதாவதோ,
மேலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் இறங்கியது.
என் கையில் டிபன் டப்பா மட்டும்தான்.
அவள் நின்றாள்.
நானும் நின்றேன்.
பகலெல்லாம் சொன்ன வாய்ப்பாடு
காலுக்குள் போயிருக்கிறது,
இடப்பக்கம் ஒதுங்கினேன்.

"ஏய்," என்றாள் அமராவதி,
"அந்தப் பக்கம் பள்ளம்."