கோடையில் ஒன்று

வரைபடத்தில் பதினான்கு பண்ணைகள்.
பதினொன்றில் காற்றுதான் குடியிருந்தது;
அதற்குப் படிவம் கிடையாது.

மேற்கே பனிமலை, கிழக்கே கடல்,
நடுவில் பாத்தகோனியாவின் மேட்டுவெளி:
சரளை, முட்புதர், வற்றிய உப்பேரி,
அரைநாள் ஓட்டத்துக்கு ஒரு புகைபோக்கி.

முதலில் இருந்தவர்கள் வேலி போடவில்லை.
குவானக்கோ போன தடத்தில் போனார்கள்.
பழைய ஏட்டில் அவர்கள் பெயர்: ‘காலி நிலம்’.
பிறகு கப்பலிலிருந்து ஆடுகள் இறங்கின,
ஆட்டுக்குப் பின்னால் கம்பி,
கம்பிக்குப் பின்னால் பத்திரம்.
கொஞ்ச காலம் கம்பளி பொன் விலைக்குப் போயிற்று.
விலை விழுந்தது.
அதன்மேல் எரிமலைச் சாம்பலும் விழுந்தது.
சாம்பல் மேய்ந்து பல் தேய்ந்த ஆடுகள்
கம்பளி கனம் தாங்காமல்
நின்ற இடத்திலேயே மண்டியிட்டன.

எலெயுத்தேரியோ பார்ரியா கதவைத் திறந்து
மாத்தே ஊற்றினார்.
வீட்டில் எத்தனை பேர்?
“கோடையில் ஒன்று. குளிர்காலத்தில் அரை.”
ஒன்று என்று எழுதினேன்.
“நாய்கள்?”
சேர்ப்பதில்லை என்றேன்.
“அப்போ உழைக்கிறவர்களை விட்டுவிடுகிறீர்கள்.”
கிளம்பும்போது வண்டிக்குள் ஒரு குறடைப் போட்டார்.
எதற்கு என்று சொல்லவில்லை.

முப்பதாவது கிலோமீட்டரில்
வேலியில் பின்னங்கால் மாட்டித் தொங்கியது
ஒரு குவானக்கோக் குட்டி.
கம்பி யாருடையது என்று தாளைப் புரட்டினேன்:
பதினொன்றில் ஒன்று.
வெட்டினேன்.
நொண்டிக்கொண்டே ஓடி
அடுத்த வேலிக்கு முன்னால் நின்றது.

குறடைத் திருப்பித் தர முப்பது கிலோமீட்டர்.
இருட்டிவிட்டது.
அவர் வீட்டில் இரண்டு கோப்பை வைத்திருந்தார்.