குண்டு விழுந்த தூரம்

எல்லைக்கல்லைக் காணோம் என்று மனு.
மனுதாரர் குப்புலிங்கம்.
எதிர்மனுதாரர் அவருடைய சித்தப்பா மகன் வேணு.
கிராமம், குண்டு உப்பலவாடி.
நான் நில அளவர். சங்கிலி இழுத்த காலம் போய்விட்டது,
மூன்று கால் கருவியை ஊன்றினால்
வானத்தில் நாலைந்து செயற்கைக்கோளை விசாரித்து
நான் நிற்கும் இடத்தை எனக்கே சொல்கிறது.

ஊர்ப்பெயரின் குண்டு
உடம்பைப் பற்றியதல்ல.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய கம்பெனிக்காரன்
சுற்றுநிலம் எவ்வளவு என்ற பேச்சு வந்தபோது
பீரங்கியைத் திருப்பிச் சுட்டானாம்.
விழுந்த இடம் வரை அவனுக்கு.
ஒருவகையில் எங்கள் துறையின் முன்னோடி.
வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்தியவன்
கையை எடுத்தபோது
அவன் உளுந்துக்கொல்லை வேறொருவனுடையது.
மிரண்டோடிய மாடு இந்தப்பக்கத்துக் கணக்கா அந்தப்பக்கத்துக் கணக்கா
என்று யாராவது கேட்டிருப்பார்கள்.
எங்கள் ஆட்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

பிறகு எண்பத்து மூன்று. ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று.
ஜூன் மாதம்.
ஊருக்குள் பிரெஞ்சுக்காரன், வெளியே இங்கிலீஷ்காரன்.
வண்டிப்பாளையத்து மேட்டுக்குப் பீரங்கி ஏறியது.
ஒரு பகலில் விழுந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.
ஏழு நாள் கழித்துக் கடலிலும் மூண்டது,
முப்பதுக்கும் அதிகமான கப்பல்கள்,
அந்திவரை இடி.
கல்லைக் கட்டித் தள்ளியும் மிதந்து வந்தவர்
கரையேறிய கடல்தான் அது.
இரும்பு மட்டும் அங்கே மிதக்கக் கற்கவில்லை.

இதில் ஒன்று சொல்ல வேண்டும்.
அந்தப் போர் ஜனவரியிலேயே முடிந்திருந்தது.
பாரீஸ் பக்கம் ஒரு மாளிகையில்
கையெழுத்தின் மை காய்ந்து ஐந்து மாதம்.
செய்தி வந்துகொண்டிருந்தது,
காற்றடித்தால் நகர்ந்து,
காற்றில்லாத நாளில் நின்று.
ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி கட்டி வந்து சேர்ந்தது.
அதற்குள் செத்தவர்கள் எந்தப் போரில் செத்தார்கள்?
எங்கள் பதிவேடுகளில்
அதற்கொரு கலம் இல்லை.

இரண்டு தேசங்களும் எங்கோ ஒரு சுவரில்
அதை மாட்டியிருக்கும்.
உப்பிய பாய்கள், ரோஜாநிறப் புகை,
கீழே பித்தளைத் தகட்டில் எழுத்துப்பிழையோடு கடலூர்.
இவன் பெருமை என்பான். அவன் போதிய காற்றில்லை என்பான்.
ஓவியத்தில் கரை
ஒரு மெல்லிய பழுப்புக் கோடு.
நாங்கள் அந்தக் கோட்டில் இருந்தோம்.
இந்தப் படைக்கு மருந்துப்பீப்பாய் சுமந்தவனும்
அந்தப் படைக்கு மாடு ஓட்டியவனும்
ஒரே கேழ்வரகுக் கூழைக் குடித்திருப்பார்கள்.
பெயரை எழுதாதவர்கள் கூலியை எழுதியிருப்பார்கள்,
இறந்த நாளைக் கழித்துக்கொண்டு.

"தடையாணை வாங்கிட்டேம்மா" என்றார் வேணு.
"போன திங்களே போட்டாச்சு. தபால்ல வருது."
அவர் காலடியில் சுவர் செங்கல்லாகக் கிடந்தது.
ஜேசிபி வியாழக்கிழமை வந்து போயிருந்தது.
நான் சிரித்திருக்கக் கூடாது.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
சுவர் விழுந்த பிறகு முதல்முறையாக
ஒரே பக்கம்.

கல் நட இரண்டடி தோண்டினோம்.
இரும்பு ஏதாவது தட்டுப்படும் என்று
குப்புலிங்கத்தின் பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
சிப்பி வந்தது. ஒரு பற்பசைக் குழாய் வந்தது.
அப்புறம் தண்ணீர் ஊறியது.
தொட்டு நக்கிப் பார்த்து, உப்பு, என்றான்.
நட்டோம். கையெழுத்து வாங்கினேன்.
வேணு தேதியைத் தவறாகப் போட்டு
அடித்துத் திருத்தினார்.

திரும்புகையில் டவுன் பஸ்ஸில் மீன்கூடைகளுக்கு நடுவே
கருவியை மடியில் வைத்திருந்தேன்.
எதிரில் வந்த வண்டியின் நடத்துநர்
படியில் தொங்கியபடி
நிறுத்தம் வருவதற்கு முன்பே கத்தினார்,
"குண்டெல்லாம் இறங்கு! குண்டெல்லாம் இறங்கு!"
நாலு பேர் இறங்கினார்கள்.
ஒருவர் மட்டும்
சில்லறை பாக்கிக்காக நின்றார்.