கடவு

படைகளின் பெயர்களுக்கு நேரே
விருப்ப எண் போடச் சொல்லியிருந்தார்கள்.
எல்லைக் காவலுக்கு ஒன்று என்றேன்.
பிரவுசிங் சென்டர்க்காரர் விரலை நிறுத்தினார்.
"ஏனுங்க, ஏர்ப்போர்ட்டுல நிக்கறதை மொதல்ல போட்டா
நெழல்ல நிக்கலாமுங்களே."
நாலு வருசமாய் நிழலில்தான் நிற்கிறேன்,
காங்கயம் ரோட்டு பனியன் கம்பெனியில்,
டியூப்லைட்டுக்கு நேராய்த் துணியைப் பிடித்து
ஓட்டை தேடிக்கொண்டு.
"ஒண்ணே போடுங்க."

விடியக்காலை நாலரை. வாய்க்கால் கரை.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், எட்டரை நிமிசம்.
மதகிலிருந்து தேங்காய்க் களம் வரை எண்ணூறு என்று
பைக் மீட்டரில் அளந்து
சுண்ணாம்புக் கோடு போட்டுத் தந்தான் தம்பி.
முதல் வாரம் நாய்கள் துரத்தின.
அடுத்த வாரம் கூடவே ஓடின.
இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப்
படுத்துக்கொள்கின்றன.
ஒறம்பரைகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

உயரம் நூற்றைம்பத்தேழு வேண்டும்.
காலையில் எனக்கு நூற்றைம்பத்தேழரை.
சிப்ட் முடிந்து கதவு நிலையோடு நின்றால்
நூற்றைம்பத்தாறே முக்கால்.
அந்த முக்கால் சென்டியைத்
தினமும் கம்பெனியில் விட்டுவிட்டு வருகிறேன்.
சம்பளச் சீட்டின் பிடித்தங்களில் அது வருவதில்லை.

அயர்ன் டேபிள் நிரஞ்சன் பர்மனிடம்
டீ நேரத்தில் சொன்னேன்.
அவனுக்குக் கூச்பெஹார் பக்கம்.
இங்கே வந்து ஏழு வருசம், 'ங்க' போடாமல் பேச வராது.
கட்டிங் வேஸ்ட்டில் நீளமாய் ஒரு துண்டெடுத்து
மேஜையில் குறுக்கே போட்டான்.
"இது வேலிங்க."
இந்தப் பக்கம் டீ கிளாஸ்: "எங்க ஊடு."
அந்தப் பக்கம் பன்னு: "எங்க வயலு."
இன்னும் தள்ளி ஒரு பொத்தான்:
"அங்கிருந்துதாங்க அடுத்த நாடு."

காலையில் கேட் திறப்பார்களாம்.
அட்டையைக் கொடுத்து, பேரெழுதி,
மாட்டையும் எண்ணிக் காட்டிவிட்டுப் போகணும்.
சாயங்காலம் கேட் சாத்துவதற்குள் வந்துவிடணும்.
"தப்பிட்டா?"
"நெல்லோட நிக்கணுங்க."

எனக்குத் தெரிந்த வேலி கிளுவை வேலி.
கொறங்காட்டுக்குள் போக ஒரு கடவு, அதற்கொரு படல்.
ஒருநாள் சாத்தாமல் வந்துவிட்டேன்.
மூணு செம்மறி பக்கத்துக் காட்டுச் சோளத்தில் இறங்கி,
ரெண்டு வருசம் அந்த வீட்டோடு பேச்சில்லை.
யாருடைய ஆடு, யாருடைய சோளம்,
அவ்வளவுதான் நான் படித்த எல்லை.

"கேட்டுல நீங்கதான் நிக்கறீங்க.
எங்கம்மா அஞ்சு நிமிசம் லேட்டு.
என்ன பண்ணுவீங்க?"

மாதிரி வினாத்தாள் எதிலும் இது இல்லை.
அ, ஆ, இ, ஈ எதையும் நிழலடிக்க முடியாது.
"உங்கம்மா பேரென்னங்க?" என்றேன்.
சொன்னான்.
அதற்குள் பெல் அடித்துவிட்டது.
பன்னைத் தின்றுகொண்டே
இஸ்திரிப் பெட்டிக்குப் போனான்.

தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி
ரயிலில் கால் நீட்டிப் படுத்தே போனேன்,
ஒரு நூலளவும் குறையக்கூடாதென்று.
தலையில் பலகையை இறக்கிய ஆள்
"ஏக் ஸௌ ஸத்தாவன்" என்றார்.
அந்த எண் எனக்குப் புரிந்தது
நிரஞ்சன் சொல்லிக்கொடுத்திருந்ததால்.
புள்ளிக்குப் பிறகு என்ன என்று கேட்கவில்லை.
ஓட்டம் எட்டு நிமிசம் பதினொரு நொடி.

முடிவு வரவில்லை இன்னும்.
நாலரைக்கு எழும் பழக்கம் மட்டும் விடவில்லை.
அஞ்சு நிமிசம் எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும்:
மதகிலிருந்து கிளம்பிக் களத்தைத் தொட்டுத்
திரும்பி, வளைவுப் புளியமரத்தைத் தாண்டிவிடலாம்.
தலையில் நெல்லுக்கட்டோடு,
கையில் மாட்டுக் கயிறோடு
அதே நேரத்தில் எவ்வளவு தூரம் வர முடியும்?

அதற்கு இன்னும்
சுண்ணாம்பு வைக்கவில்லை.