இரண்டு துளைப் பெட்டி

என்னுடைய பெட்டியில் இரண்டே துளை.
ஒன்றில் மைக், மற்றதில் ஒரு வாத்தியம்.
போனிலேயே சொன்னேன்.
"அது போதும் புள்ள, வீட்டுச் சந்தோசம்தானே"
என்றார் டச்பாரிலிருந்து கொலின் பல்தசார்.

பெட்டிக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.
மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில்
பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி
கல்லடிப் பாலத்தில் காற்று தள்ளத் தள்ள வந்தேன்.
"சவுண்ட்காரர் வரல்லையா?" என்றார்கள் வாசலில்.
ஹெல்மட்டைக் கழற்றினேன்.
"நான்தான்."
யாரோ ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார்கள்.
எனக்குத் தேவைப்பட்டது ஒரு பிளக்பொயின்ற்.

குசினி யன்னலால் கரண்ட் எடுத்தேன்.
முதலாம் துளையில் மைக்.
ஊதவில்லை, தட்டவில்லை,
தட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.
"சீனி, சம்பல், சாக்கு, மாதுளை" என்றேன்.
'ச' காதை வெட்டியது. திரெபிளைக் கொஞ்சம் இறக்கினேன்.
அப்போது கிற்றாரோடு கொலின் வந்தார்.
பத்தடி தள்ளி, வயலினோடு,
அவரது அண்ணன் எவரார்ட்.

அந்தப் பத்தடி சும்மா வந்ததல்ல.
தகப்பனின் கடைசல் மெஷின் யாருக்கு என்பதில்
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஆன்ரி ஒருத்தி
நான் கேட்காமலே சொன்னாள்.
"பெரியப்பா வராட்டி நாளைக்கு
நானும் சேர்ச்சுக்குப் போகமாட்டன்" என்றாளாம் ஷெரில்.
வயலின் அப்படித்தான் வந்தது.

வயலினுக்கு மைக்கைப் பிடிக்கலாம்.
பிடித்தால் பாடுகிறவன் வாயைப் பொத்தவேண்டும்.
நல்லவேளை, வயலினின் வயிற்றில்
பொத்தான் அளவில் ஒரு பிக்கப்,
காயப் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தது.
பையின் அடியில் கிளறி எடுத்தேன்
கெற்றபோல் கவை மாதிரிக் கிளைத்த வயர் ஒன்று.
சோல்டர் நான் வைத்தது. அழகாயில்லை.

"ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ளயா?"
இருவரும் கேட்டார்கள், என்னைப் பார்த்து.
"ஒரே ஓட்டை, ஒரே குமிழ்.
ஒராளைக் கூட்டினா மற்றாளும் கூடும்."

ம்ம்ம் என்றொரு இரைச்சல்.
கொலின் கம்பியில் கைவைத்தார், நின்றது.
எடுத்தார், வந்தது.
"எர்த் சரியில்ல. கைய எடுக்காதீங்க."

கப்ரிஞ்ஞா தொடங்கியது.
மூன்றாம் சுற்றில் எவரார்ட்
வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார்.
ஆடியவர்களின் கால்கள் இடறின.
கொலினின் கழுத்துச் சிவந்தது.
தன் கிற்றாரின் குமிழை ஒரே திருகாய்
பூச்சியத்துக்குத் திருகினார்,
நீயே வாசி என்பதுபோல்.

வயலினும் செத்தது.

வில் போய் வந்துகொண்டுதான் இருந்தது,
நுளம்பளவு மரச்சத்தத்தோடு.
ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். விளக்குப் பச்சை.
ஜாக்கை அசைத்தேன்.
சோல்டரைச் சந்தேகித்தேன், பிறகு என்னை.
பிறகுதான் ஞாபகம் வந்தது:
கவை வயரில் ஒருவர் முழுதாய் மூடினால்
மற்றவரின் சத்தமும் அந்த வழியால் ஒழுகிப்போகும்.
படித்திருந்தேன். மறந்திருந்தேன்.

"அங்கிள், நீங்க திறந்தாத்தான்
அவரு வாசிக்கிறது கேக்கும்"
என்றேன் கொலினிடம், மெதுவாகத்தான்.
பக்கத்தில் மைக் திறந்திருந்தது.
முற்றம் முழுக்கக் கேட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை.
துருவலை நின்றது.
கொலின் குமிழைக் குனிந்து பார்த்தார்.
நான்குவரை திருப்பினார், அதற்குமேல் இல்லை.
எவரார்ட் தொடங்கியது முன்பைவிட மெதுவாய்.
அதுவும் கொஞ்சம்தான்.

பத்தரைக்கு வயர் சுருட்ட வந்தேன்.
"சத்தத்தைக் குறைச்சிப்போட்டுக் கழட்டுங்க."
யார் கேட்டார்கள்.
இருவரும் ஒன்றாய் உருவ
பெட்டி டப்பென்று வெடித்தது.
தூங்கிய குழந்தையொன்று வீரிட்டது.

"நீதான் முதல்ல இழுத்த" என்றார் எவரார்ட்.
"நானா? நீ" என்றார் கொலின்.

பேசிய காசில் ஐந்நூறு குறைவு.
எண்ணிப் பார்த்தது
பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு.