நாலரை மணித்தியாலம்

காலை பதினொன்று பத்துக்கு
பழைய கந்தோர் என்னை விடுவித்தது.
ஒரு மின்னஞ்சல், இரண்டு வரி.
புதிய கந்தோர் என்னை ஏற்கும் கடிதமோ
பதிவுச் சபையின் வரிசையில் நிற்கிறது.
அது வரும்வரை
வீடு என்று நான் வாய் திறக்கக் கூடாது.

மார்க்கம், மிடில்ஃபீல்ட் வீதி, பிளாசா வாசல்.
கார் நிற்கிறது, ஹீட்டர் ஓடுகிறது.
பின் சீற்றில் ஓப்பன் ஹவுஸ் பலகைகள் ஆறு.
ஆறிலும் நான் சிரிக்கிறேன்.
ஆறும் இனிச் செல்லாது.

கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்கள்
பழைய உடம்பை எந்தப் பொந்தில் ஒளித்தார்கள்,
புதிய உடம்பில் யாராய் எழுந்தார்கள்,
எல்லாம் கதையாய் இருக்கிறது.
இரண்டுக்கும் நடுவில்
உயிர் எந்தப் பார்க்கிங்கில் நின்றதென்று
ஒருவரும் சொல்லவில்லை.

ஒழுங்காகத்தான் செய்தேன்.
அரைகுறைப் பேரங்கள் முடியும்வரை காத்திருந்தேன்.
வரவேண்டிய தரகு, கட்டவேண்டிய மேசை வாடகை,
காப்புறுதி, கடைசிச் சதம் வரை
எழுத்தில்.
குலவீரசிங்கம் அண்ணரிடம் நானே போய்ச் சொன்னேன்,
பிறர் வாயால் அவர் கேட்கக் கூடாதென்று.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அங்கை என்ன வீதம் தருகினம்?"
சொன்னேன்.
திரும்பவும் துடைத்தார்.

பிறகு, வெகு மென்மையாய்:
"ஜெயசோதியின்ர வீடு இங்கதான் நிற்கும்,
தெரியும்தானே."

தெரியும்.
ஒப்பந்தம் கந்தோரின் பெயரில்.
என் பெயர் கீழே, சின்ன எழுத்தில்.
ஆனால் அந்த நிலவறையின் எந்த மூலை
மழைக்கு வியர்க்கும் என்று கண்டுபிடித்ததும்
அதை மறைக்காமல் எழுத வைத்ததும் நான்.
கணவரின் சட்டைகளை அலுமாரியிலிருந்து எடுக்க
ஜெயசோதிக்கு மூன்று கிழமை பிடித்தது.
மூன்று கிழமையும்
"அவசரமில்லை" என்று சொன்னேன்.
அந்தச் சொல்லும் கந்தோரின் சொத்தா?
கேட்கவில்லை.
சுமூகமாகப் பிரிவது என்று
இதற்குத்தான் பெயர்.

ஒன்று நாற்பது. தொலைபேசி. நிர்மலன்.
"அக்கா, பொக்ஸ் குரோவில அந்த மூலை வீடு,
இண்டைக்கு ஏழு மணிக்கு ஒஃபர் பாக்கினமாம்.
இப்ப வந்து திறந்து காட்டுவியளோ?"

எட்டு மாதம், இருபத்தேழு வீடு
என்னோடு ஏறி இறங்கிய பெடியன்.
திறப்புப் பெட்டியின் இலக்கம் எடுக்க
என் விரலுக்கு ஒரு நிமிடம் போதும்.

"ஏலாது தம்பி.
இப்ப நான் ஒருத்தருக்கும் முகவர் இல்லை."

"அப்ப நீங்கள் ஆர்?"
பகிடியாகத்தான் கேட்டான்.
நான் சிரித்து முடிப்பதற்குள்
"சரி, வேற ஆரையும் பாக்கிறன்" என்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. கலண்டர்.
ஆயிரத்து ஐநூறு குசினிகளில்
ராகுகாலத்துக்கு மேலே என் முகம் தொங்குகிறது.
முகத்துக்குக் கீழே
அவர்களுடைய எண்.
வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்.
எந்தப் பதிவுச் சபை
ஒவ்வொரு சுவராய்ப் போய்
என்னை இடம் மாற்றும்?

மூன்று நாற்பதுக்குக் கடிதம் வந்தது.
நாற்பத்தொன்றுக்கு நிர்மலனை அழைத்தேன்.
எடுக்கவில்லை.
நாற்பத்தைந்துக்கும்.

நாலு மணி சொச்சம்.
தெரியாத எண். ஏஜாக்ஸிலிருந்து ஓர் அம்மா.
"கலண்டர் நம்பருக்கு அடிச்சனான் பிள்ளை.
நீங்கள் இப்ப அங்க இல்லையெண்டு
போனை எடுத்த பெட்டை பெலத்துச் சொன்னவ."
சற்று நிறுத்தினார்.
"பிறகு மெல்லமா இந்த நம்பரைச் சொன்னவ."

அபிஷா.
காலையில் என் பெட்டியோடு நான் கடந்தபோது
கணினியை விட்டுத் தலை நிமிர்த்தாதவள்.

கொப்பியைத் திறந்தேன்.
மேலே புதிய கந்தோரின் பெயர் எழுதப் போய்,
விட்டுவிட்டு,
"சொல்லுங்கோ அம்மா" என்றேன்,
"எத்தனை அறை வேணும்?"