சூட்டோடை மூடாதேங்கோ

றெட்பானாச் சந்தியிலிருந்து உள்ளுக்குப் போனால்
நாலாவது மின்கம்பத்துக்கு நேரே
நான் வேலைசெய்யும் மில்.
புதன் மிளகாய். மற்ற நாளெல்லாம் மா.

புதன்கிழமைகளில் எவரும் எவரையும்
ஏன் கண் சிவந்திருக்கு என்று கேட்பதில்லை.
தும்மி, மூக்கைச் சீறி,
சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு
பொல்லாத காரம் என்பார்கள்.
ஓம், பொல்லாத காரம் என்பேன் நானும்.
சிலபேர் கொண்டுவருவது கால்கிலோதான்.
ஆனாலும் வாசலில்
ஒரு மணித்தியாலம் நிற்பார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது
சம்பளத்துக்கு மட்டுமில்லை.
மோட்டரைப் போட்டால்
வானம் கேட்காது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
உளவளத்துணைப் பிள்ளை டிலக்சி
படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்:
அக்கா, பயம் பத்துக்கு எத்தனை?
எனக்குச் சுண்டுக் கணக்குத்தான் தெரியும், பிள்ளை.
பகலில் அரைச் சுண்டு.
விடியப்புறம் மூன்று மணிக்குச்
சாக்குக் காணாது.
அதை எண்ணாக மாற்றப் பார்த்தாள்.
பிறகு பேனையை மூடிவைத்தாள்.
பேனையை மூடிவைத்தாளே, அதுக்காகத்தான்
அடுத்த மாதமும் போனேன்.

அந்த முறை, கோபம்? என்றாள்.
ஆர் மேல் என்று அவள் நினைத்தாளோ தெரியாது.
தம்பி மேல், என்றேன். கேதீசன் மேல்.
கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பினவன்.
ஒற்றைச் செருப்பு.
பதினைந்து வருசமாய் அவனோடு கதையில்லை.
செத்தவனைக் கோபிக்கலாமோ?
கோபிக்கலாம் அக்கா, என்றாள்.
அதுக்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

போன ஆவணியில், ஒரு வியாழன்,
குரக்கன் அரைபடும்போது கரண்ட் போனது.
பெல்ட் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.
நின்ற கையோடு
பிள்ளையார் கோயிலடியில் சீனவெடி.

எனக்கு அறிவு வந்தபோது
மேசைக்குக் கீழே கிடந்தேன்.
கன்னம் சீமெந்தில்.
பக்கத்தில், அரிசி வாளியைக் கட்டிப்பிடித்தபடி
ஆறடி ஆள் ஒருவர்.
பிரமந்தனாற்று மேசன் செபமாலைமுத்து.
எனக்கு முதலே வந்து படுத்திருக்கிறார்.
இமை, மீசை எல்லாம் குரக்கன் மா.

கொஞ்ச நேரம் ஆளை ஆள் பார்த்தோம்.
வெளியே இன்னொரு சரம்.
கோயில்தான், என்றார்.
ஓம், கோயில்தான், என்றேன்.
ஒருவரும் எழும்பவில்லை.
"என்ர மனுசி இப்ப வந்தால் என்ன நினைப்பா" என்றார்.
அதுக்குச் சிரிக்கத் தொடங்கினது,
நிறுத்த முடியவில்லை.
சிரிப்பு எதில் முடிந்து
மற்றது எதில் தொடங்கினதோ.
வியாழக்கிழமை.
காரத்தின் மேல் பழிபோட ஏலாது.

கரண்ட் வர முக்கால் மணித்தியாலம்.
அவ்வளவு நேரமும் மோட்டர் வாயைத் திறக்கவில்லை.
ஒரு செண்பகம். தூரத்தில் லான்ட்மாஸ்டர்.
ஆரோ ஒரு பொடியனைப் பேசும் தாய்.
வானமும் கேட்டது,
சும்மா வானம்.

அவருடைய மாவை வாளியில் போட்டுக் கொடுக்கையில்
எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்:
சூட்டோடை மூடாதேங்கோ.
பேப்பரிலை பரப்பி ஆறவிடுங்கோ.
மூடினால் உள்ளுக்கை வேர்த்துக் கட்டிபட்டுப் போகும்.
"எவ்வளவு நேரம்?"
இத்தனை வருசத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
கையை வைச்சுப் பாருங்கோ, என்றேன்.
சுட்டால், இன்னும் கொஞ்சம் விடுங்கோ.

அன்றைக்கும் மூன்று மணிக்கு முழிப்புத்தான்.
எத்தனை சுண்டு என்று அளக்கவில்லை.
கேதீசனோடு சண்டை பிடித்தேன், வாய்விட்டு.
அந்தச் செருப்பு என்ன விலையடா, என்றேன்.
பக்கத்து வளவு நாய் குரைத்தது.
எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தேன்.
வெள்ளிக்கிழமை.
மோதகத்துக்கு இடிக்கிற ஆட்கள்
வெள்ளன வருவினம்.